மூடியில கட்டுன கறுப்பு நூல்

அக்கா, உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தேழா? அப்ப இன்னும் நேரமிருக்கு. எனக்கு பன்னெண்டு. இல்லக்கா, சரியாத்தான் சொல்றேன், பன்னெண்டுதான். எப்பவோ கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. நான் எந்திரிக்கல. சீட்டப் பாருங்க, முழங்கால் வலின்னு எழுதியிருக்கா? நானாச் சொல்லி எழுத வச்சேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல, இந்த மலையில இன்னைக்கும் ஏறி இறங்குறேன். டாக்டரம்மாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். யாருக்கோ நடந்த மாதிரி, பொதுவாக் கேக்கணும். அத எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம எட்டு மணியில இருந்து இந்த பெஞ்சிலயே உக்காந்திருக்கேன்.

உங்ககிட்டச் சொல்லிப் பாக்கவா? நீங்க யாரோ, நான் யாரோ, வெளிய போனா ஆள் ஆளுக்கு ஒரு பஸ்ஸு. மொதல்லயே விஷயத்தச் சொல்லிர்றேன், அப்புறம் சுத்தி வளைக்கிறா பாருன்னு சொல்லிறாதீங்க. என் மக பிலோமிக்கு இது ஏழாம் மாசம். அவளுக்கு நான் என் கையால ஒரு ஆப்பிள் கேக்கு செஞ்சு குடுத்தேன். அதுல எலி மருந்து கலந்திருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு.

கத்தாதீங்கக்கா! மாதாவே, மெதுவா. கலந்துருச்சுன்னு சொன்னேனா? கலந்திருக்குமோன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? உக்காருங்க. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு எம்புட்டுன்னு.

என் பேரு பிரகாசி. ஏரிக்கு மேல, பைன் மரம் நிக்கிற ரோட்டுல ஒரு பழைய கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, அங்க இருபத்திரெண்டு வருஷமாச் சமையல். அந்த வீட்டக் கட்டுனது ஒரு வெள்ளைக்காரம்மா, எந்த ஊருன்னு சரியாத் தெரியல. அந்தம்மா விட்டுட்டுப் போனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்த அவன் அடுப்பு, இன்னொண்ணு அந்த ஆப்பிள் கேக்கு. இப்ப வீட்ட நடத்துற எங்க மொதலாளி மேடம் அத டோர்ட்டேம்பாங்க. கேக்குன்னு சொன்னா மேடத்துக்குக் கோவம் வந்துரும். கேக்குன்னா மைதா, டோர்ட்டேன்னா மைதா கிடையாது, வால்நட்ட அரைச்ச பொடிதான் மாவு. ஆறு முட்டை. மஞ்சக்கருவத் தனியா எடுத்துட்டு வெள்ளைய அடிக்கணும். எப்படி அடிக்கணும்ங்குறீங்க? கிண்ணத்தத் தலைக்கு மேல கவுத்துப் பிடிச்சா ஒரு சொட்டு விழக்கூடாது. நான் கவுத்துக் காட்டுவேன், டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுப்பாங்க. ஆப்பிளு புளிப்பா இருக்கணும். மெல்லிசா வெட்டி எலுமிச்சை, பட்டைப்பொடி போட்டுப் பிரட்டி வைக்கணும். வால்நட்ட மிக்ஸியில போடுறப்ப கூட ரெண்டு ஸ்பூன் சீனியும் போடணும், இல்லேன்னா எண்ணெய் விட்டுக் கட்டியாயிரும். இது யாருக்கும் தெரியாது, உங்களுக்குச் சொல்றேன். வெந்ததும் வெட்டக்கூடாது, ஒரு நாள் அப்படியே மூடி வைக்கணும். மறுநாள்தான் ருசியே வரும். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு டோர்ட்டே எனக்குக் கெட்டதில்லக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும் யாராவது.

சரி, சரி, வர்றேன். மூச்சு வாங்குது, அதான்.

அந்த வீட்டுல எலித்தொல்லை. மழைக்காலம் வந்துட்டா ஸ்டோர் ரூம்ல ஓட்டமும் சாட்டமும்தான். நானும் தக்காளி வச்சேன், கருவாடு வச்சேன், மசால்வடை வச்சேன். சீந்தலையே! டூரிஸ்ட்டு வீட்டு எலில்ல, அதுக்கு வால்நட்டுதான் வேணும். வால்நட் பொடியில மருந்தக் கலந்து வச்சேன் பாருங்க, மூணே நாள்ல ஏழு விழுந்துச்சு. மேடமே அசந்துட்டாங்க. அதுல இருந்து வருஷா வருஷம் அதேதான். நல்ல பொடி ஒரு எவர்சில்வர் டப்பா, மருந்துப் பொடி இன்னொரு டப்பா. ரெண்டும் ஒரே செட்டு, ஒரே அளவு. ஏன் ஒரே மாதிரி டப்பால வச்சேன்னு கேக்காதீங்க, மூடி இறுக்கமா இருந்தது அந்த ரெண்டுலதான். அடையாளம் வைக்காம இருப்பேனா? மருந்து டப்பா மூடியில பிடி இருக்கும்ல, குமிழு, அதுல கறுப்பு நூலு கட்டி வச்சேன். மேல் தட்டுல தனியா வச்சேன். அம்புட்டு ஜாக்கிரதையா இருந்தவதான்க்கா நான்.

போன வாரம் எங்க மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்தம். கொடியேத்தத்துக்கு முந்தி வீட்ட ஒட்டடை அடிச்சு, பாத்திரம் பண்டத்தையெல்லாம் வெளிய எடுத்துத் துலக்கிருவோம். எங்க ஆளுக எல்லாருமே செய்யிறதுதான். என் வீட்டுல முடிச்ச கையோட அந்த ஸ்டோர் ரூமையும் முடிச்சேன். மேடம் சொல்லல, நானாத்தான். அலமாரியில இருந்த டப்பாவையெல்லாம் கொல்லைக்குக் கொண்டு வந்து, மூடியெல்லாம் கழட்டி ஒரு அன்னக்கூடையில போட்டுப் புளி தேச்சு விளக்கி, வெயில்ல காய வச்சு, திரும்ப எடுத்து மூடினேன்.

இப்பப் புரியுதா? நூலு மூடியில இருந்துச்சு, டப்பாவுல இல்ல.

அப்ப எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தியமா. நூலு இருக்கா, இருக்கு. எந்த டப்பாவுக்கு எந்த மூடின்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? ரெண்டு மூடியும் ரெண்டு டப்பாவுக்கும் கச்சிதமாப் பொருந்துதே. துலக்குன சந்தோஷத்துல ஜெபமாலைப் பாட்டுப் பாடிகிட்டே மூடினேன்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை, மேடத்தோட விருந்தாளிகளுக்கு ஒரு பெரிய டோர்ட்டே. அதுக்கு நான் புதுசா வால்நட் அரைச்சேன். அவங்க தின்னாங்க, கைகுலுக்கிட்டுப் போனாங்க, அதுல பிரச்சினை இல்ல. அப்புறமா பிலோமிக்கு ஒரு சின்னது செய்யலாம்னு நினைச்சேன். மேடத்துக்குத் தெரியாதுதான். ரெண்டு ஆப்பிளு, நாலு முட்டை, கொஞ்சம் வெண்ணெய். இதெல்லாம் திருட்டாக்கா? புள்ளத்தாச்சிப் பொண்ணு வாய் திறந்து கேட்டுருச்சு, "அம்மா, அந்த டோர்ட்டே வேணும், நாக்குலயே நிக்குது"ன்னு. புதுசா அரைச்சது தீந்துபோச்சு. நூலு கட்டாத டப்பாவத் திறந்து ரெண்டு கப்பு எடுத்தேன். எனக்கு அன்னைக்கு நல்ல ஜலதோஷம், மூக்கு ரெண்டும் அடைச்சிருந்துச்சு. வாசனை ஒண்ணும் தெரியல. நிறம்? வால்நட் பொடி ஏற்கனவே மண்ணு கலருதானே. பட்டைப்பொடி வேற விழுந்துச்சு.

நேத்துச் சாயந்தரம் வேல முடிஞ்சு பெருமாள்மலைக்குப் போய் அவ கையில குடுத்துட்டு வந்தேன். அவளக் கட்டிக் குடுத்தது அங்கதான். வாசல்லயே குடுத்தேன், உள்ள போகல. உள்ள போனா அருளாயி இருப்பா. என் சம்பந்தி.

அவளப் பத்தி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் கைப்பண்டம் அவளுக்கு ஆகாது. நான் முறுக்கு குடுத்து விட்டா "எண்ணெய் பழசு"ம்பா. மீன் குழம்பு குடுத்து விட்டா "புளி ஜாஸ்தி, புள்ளத்தாச்சிக்கு ஆகாது"ம்பா. "உங்கம்மா ஊரான் வீட்டு அடுப்படியில எல்லாத்தையும் கலந்து கட்டி வைக்கிற ஆளு, பாத்துத் தின்னு"ன்னு சொல்லியிருக்கா, என் மககிட்டயே! நான் சும்மா விடுவேனா? "பிலோமி, அந்தக் கிழவி பேச்ச இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்ரு. அவ சொல்ற ஒண்ணையும் கேக்காத"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்கேன். புள்ள தங்கம், நான் சொன்னாக் கேட்டுக்குவா. பிரசவத்துக்கு என் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு வேற அருளாயி ஒரு மாசமா முறுக்கிகிட்டு நிக்கிறா. இந்த நேரத்துலயா எனக்கு இப்படி ஒரு சோதனை வரணும்? அவளுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, என் மக பிரசவத்துக்கு என் படியேறவே மாட்டா.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? மக உசுரு முக்கியமா பிரசவம் முக்கியமாங்குறீங்களா? உசுருதான். யாரு இல்லேன்னா? ஆனா உசுருக்கு ஒண்ணும் இல்லேன்னு ஆயிட்டா, அப்புறம் எதுக்கு எல்லாருக்கும் சொல்லிகிட்டு? அதத்தான் டாக்டரம்மாகிட்டக் கேக்க வந்தேன்.

இருங்க, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு சொல்லலையே. நேத்து மத்தியானம் நூலு கட்டுன டப்பாவுல இருந்து பொடி எடுத்து ஸ்டோர் ரூம்ல நாலு மூலையிலயும் வச்சேன். மழை பிடிச்சுருச்சுல்ல. இன்னைக்குக் காலையில ஆறரைக்குப் போய் கதவத் திறக்குறேன். நாலு மூலையும் காலி. நக்கித் துடைச்சு வச்சிருக்கு. சரி, இன்னைக்கு மூணு நாலாவது விழுந்து கிடக்கும்னு அரிசி மூட்டைக்குப் பின்னால குனிஞ்சு பாக்குறேன், ஒரு எலி என் கால் மேலயே ஏறி ஓடுது. கொழுகொழுன்னு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. மருந்து தின்ன எலி அப்படியா ஓடும்? நடக்கவே நடக்காது, சுருண்டு கிடக்கும். நான் பாத்த எலி எத்தனை!

அப்பத்தான் மூடி மாறிப்போனது எனக்கு உறைச்சுச்சுக்கா. மேல பாக்குறேன், ரெண்டு டப்பாவும் பளபளன்னு நிக்குது. எலி சாகலையேன்னு தரையில உக்காந்து அழுதேன். இப்படி அழுதவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மோந்து பாத்தேன், மூக்கு இன்னும் திறக்கல. நாக்குல வச்சுப் பாக்கலாம்னு விரல்ல தொட்டேன், தைரியம் வரல. என் டிபன் டப்பாவுல அந்தக் கேக்கோட ஓரத்துண்டு ஒண்ணு இருந்துச்சு, கருகிப்போனது, வெட்டி எடுத்தது. அத மதில் மேல வச்சேன், காக்கா வந்துச்சு, கொத்துச்சு, தூக்கிட்டுப் பறந்துருச்சு. அப்புறம்தான் புத்தி வருது, அது எங்க போய் விழுந்துச்சு, விழலையா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? மரத்துல ஒரு இருபது காக்கா உக்காந்திருக்கு. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு. நான் பாட்டுக்கு அண்ணாந்து எண்ணிகிட்டு நிக்கிறேன்.

ஆமாக்கா, அந்தத் துண்டக் கொண்டாந்திருந்தா இங்க சோதிச்சுச் சொல்லியிருப்பாங்கதான். இப்பச் சொல்றீங்க. அப்ப எனக்கு யாரு சொன்னா?

போனு பண்ணாம இருப்பேனா? ஏழரைக்கே பண்ணிட்டேன். மூணு தடவ தப்புத் தப்பா அழுத்தினேன். எடுத்தா. குரலு நல்லாத்தான் இருந்துச்சு. "கேக்கு சாப்பிட்டியாடி"ன்னேன். "ராத்திரி ஒரு விரக்கடை அளவு சாப்பிட்டேம்மா, வயிறு முட்ட இருந்துச்சு. மீதிய பதினோரு மணிக்குப் பாலோட சாப்பிடப் போறேன்"னா. தொண்டை வரைக்கும் வந்துருச்சுக்கா. தூக்கிப் போடுடின்னு சொல்ல வாயத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "அது சூடு, பட்டை போட்டது, ரொம்பச் சாப்பிடாத"ன்னு வந்துச்சு. அவ சிரிச்சுட்டா. "என்னம்மா, எங்க அத்தை மாதிரியே பேசுற"ன்னா. அத்தை சாப்பிட்டாங்களான்னு கேட்டேன். "அவங்களா? உன் கேக்கையா?"ன்னா. போன வச்சுட்டா.

ஆமா, சொல்லல. சொல்லலதான். நீங்க சொல்லிப் பாருங்க உங்க மககிட்ட, "நான் உனக்கு விஷம் குடுத்தேன்"னு. வாய் வருதான்னு பாருங்க. மேடம் அன்னைக்கே வெளிய போன்னுருவாங்க, இருபத்திரெண்டு வருஷமும் போச்சு. போலீஸ் வரும். ஆஸ்பத்திரியில எலி மருந்துன்னு சொன்னாலே போலீசுக்குச் சொல்லிருவாங்களாமே, நிஜமா? அருளாயி ஊரு பூராச் சொல்வா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டுப் போவேன்? இதெல்லாம் ஒரு பக்கம். விரக்கடை அளவுதானே தின்னிருக்கா. ராத்திரி தின்னவ காலையில சிரிச்சுப் பேசுறாளே. அப்ப ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்? சொல்லுங்கக்கா. ஒரு வேளை மருந்தே பழசாகி வீரியம் போயிருக்கும். அதான் எலியும் சாகல. அப்படியும் இருக்கலாம்ல?

மணி என்ன? பத்து நாப்பதா! பதினொண்ணுன்னு சொன்னாளே. பண்றேன், இப்பவே பண்றேன். திட்டாதீங்க, கைய விடுங்க. பண்றேன்னுதானே சொல்றேன். என்னன்னு சொல்லி நிறுத்துறது, அத மட்டும் யோசிச்சுக்குறேன். பூனை வாய் வச்சுருச்சுன்னு சொல்லவா? அவ வீட்டுல மூடி வச்சிருக்குறதுல பூனை எங்க வாய் வைக்கும். முட்டை கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம். ஆங், முட்டை. முட்டைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முட்டை கெட்டதுக்கு யாரும் போலீசக் கூப்பிட மாட்டாங்க.

ஐயோ, அடிக்குது. அவதான். அக்கா, அவதான்.

சொல்லுடி. ம். ம். எப்ப இருந்து? ம். யாரு, நீயா? அழாதடி, அழாம சொல்லு. இரு. வைக்காத, லைன்லயே இரு, நர்ஸம்மா கூப்பிடுறாங்க, ஒரு நிமிஷம்.

அக்கா, நான் செத்தேன். அருளாயிக்கு விடியக்காலையில இருந்து வாந்தியாம். அஞ்சு தடவ. எந்திரிக்க முடியாமப் படுத்துக் கிடக்காளாம். இவளுக்கே இப்பத்தான் தெரிஞ்சிருக்கு, ராத்திரி இவ தூங்கப் போனதும் அவ எடுத்து ரெண்டு துண்டு தின்னிருக்கா. என் கேக்க! ஆசையாத் தின்னிருக்கா! தின்னதச் சொல்ல வெக்கப்பட்டுகிட்டு இம்புட்டு நேரம் வாய மூடிகிட்டு இருந்திருக்கா. இப்ப, இவ பாலோட உக்காரும்போது, படுக்கையில இருந்தே கத்தியிருக்கா, "பிலோமி, அதத் தொடாத, அதுல என்னமோ இருக்கு, தூக்கிப் போடு"ன்னு. இவ சண்டைக்குப் போயிட்டா. "திருட்டுத்தனமாத் தின்னுட்டு எங்கம்மாவக் குறை சொல்றீங்களா, எங்கம்மா கை சுத்தமான கை"ன்னு. கிழவி எந்திரிச்சு வந்து தட்டப் பிடுங்கப் பாத்திருக்கா. அதுக்கு என் மக, என் மக அவ கண்ணு முன்னாலயே ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுட்டா. "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு. இப்பத்தான்க்கா. இந்த நிமிஷம். இன்னும் தட்டு அவ கையிலதான் இருக்காம். "ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே சொல்லும்மா அவங்களுக்கு"ங்குறா. நான் சொல்லணுமாம். என் கை சுத்தம்னு நானே சொல்லணுமாம்.

பிடிச்சுக்கோங்கக்கா என்னைய. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.

பிலோமி. ஸ்பீக்கர்ல போட்டுட்டியா? வாயில இருக்குறதத் துப்பு. கேள்வி கேக்காத, துப்புடி! தட்டக் கீழ வை. சம்பந்தியம்மா, கேக்குதா? நான் பிரகாசி பேசுறேன். நீங்க சொன்னதுதான் சரி. என் கேக்குல எலி மருந்து இருக்கு. நான்தான் டப்பாவ மாத்திப்புட்டேன், காலையிலயே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் இப்பவே வண்டி பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நான் இங்கதான் இருக்கேன், டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வாசல்ல நிக்கிறேன். உங்களால எந்திரிக்க முடியலேன்னாலும் அவளக் கையப் பிடிச்சு இழுத்துகிட்டு வாங்க. அவ முரண்டு பிடிப்பா. உங்க பேச்சக் கேக்காதன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்தான். உங்க காலப் பிடிக்கிறேன் தாயி, அவ கேக்கலேன்னா ரெண்டு அடி போட்டாவது கூட்டிட்டு வந்துருங்க.